ஒன்பதாங்கட்டையில் பலகை இல்லாத வளையம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கல்லூரி வாசலில் பஸ் தயாராக நின்றது. பெண்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மெதுவாகத்தான் போனேன். நான் ஏறாமல் அந்த பஸ் ஈப்போவை விட்டு நகராது என்பது எனக்கும் தெரியும், டிரைவர் குணாவுக்கும் தெரியும்.

"வாங்கம்மா, மகாராணி ஏறுனாதான் வண்டி கிளம்பும்லா," என்றான்.

"தெரிஞ்சா சரி. ஏர்கோனக் கொறச்சு வையி," என்றேன்.

நான் இந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் சமைக்கிறவள். எங்கள் கூடைப்பந்துப் பெண்கள் வெளியூர் போனால் துணைக்கு நானும் போக வேண்டும். இது பெற்றோர்கள் போட்ட சட்டம். கோச் ரொஸ்னா கூடப் போகிறாளே, போதாதா என்று கல்லூரியில் கேட்டார்கள். போதாது என்று தமிழ்ப் பெற்றோரும் சீனப் பெற்றோரும் மலாய்ப் பெற்றோரும் ஒரே குரலில் சொன்னார்களாம். கோச் சின்ன வயதுக்காரி, தலை நரைத்த ஒருத்தி வேண்டும் என்றார்கள். நரைத்த தலை என்னிடம் இருந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காலம் முடிந்ததும் மூன்று பெண்களின் ஊர்களுக்குப் போவோம். ஒவ்வொருத்தியும் சின்ன வயதில் படித்த பள்ளியில் ஓர் ஆட்டம். அன்றைக்கு அந்த ஊர்ப் பெண் எங்கள் பக்கம் ஆடமாட்டாள். தன் பழைய பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து எங்களை எதிர்த்து ஆடுவாள். ஊர்க்காரர்கள் சாப்பாடு போடுவார்கள். முறை வைத்துத்தான் போவது. இந்த வருஷம் சிம்பாங் பூலாயில் மெய் லிங்கின் பள்ளி, லூமுட்டில் நூருலின் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் தேவியின் தமிழ்ப்பள்ளி.

வழக்கமாக இந்தப் பயணத்தில் பாட்டும் கூத்தும் காதைப் பிளக்கும். இந்த முறை பஸ்ஸில் சத்தமே இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

அரை இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நேரம் முடியப் போகிறது. அணித் தலைவி மெய் லிங் தூரத்திலிருந்து பந்தை வீசினாள். தேவி அழகாகப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆளும் இல்லை. ஓடிப்போய் வளையத்தில் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பந்து கைக்கு வந்ததும் தேவி நின்றுவிட்டாள். ஆணி அடித்தது போல நின்று, யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தாள். "ஓடு, ஓடு" என்று நாங்கள் கத்துவதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டான். மெய் லிங்குக்கு இதுதான் கடைசி வருஷம். அன்றிலிருந்து அவள் தேவியோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு தேவி வந்தாள்.

"பெரியம்மா, எங்க ஸ்கூல்ல ஆட்டம் முடிஞ்சதும் ஜெர்சியக் கோச்கிட்ட குடுத்துட்டு டீம்லேர்ந்து நின்னுக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அவ பேசலன்னா நீ ஆடமாட்டியா?"

"அவ பேசாதது நியாயந்தான் பெரியம்மா. அதான் கஷ்டமா இருக்கு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளும் என் கண் அவள் மேலேயேதான் இருந்தது.

சிம்பாங் பூலாய் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கேமரன் மலைக்குத் திரும்புகிற இடம். சுண்ணாம்பு மலைகளில் பாதியை வெட்டித் தின்றுவிட்டார்கள். வெட்டின பக்கம் வெள்ளையாகவும் வெட்டாத பக்கம் பச்சையாகவும் நிற்கிறது. மெய் லிங்கின் சீனப் பள்ளியில் ஆடுகளத்துக்கே கூரை போட்டிருக்கிறார்கள். மேலே ஆளுயர இறக்கை வைத்த மின்விசிறி. வளையங்களுக்குப் பின்னால் கண்ணாடிப் பலகை. பந்தைப் பலகையில் அடித்து வளையத்தில் விழவைப்பதை அங்கே ஏழு வயதுப் பிள்ளைகூடச் செய்கிறது. மெய் லிங் எப்படி அவ்வளவு சுத்தமாக ஆடுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேவி கால் வலி என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே மெய் லிங் எங்களைத் தோற்கடித்தாள். ஆனால் சிரிக்கவில்லை. அவள் அம்மா கோழிச் சோறும் முளைப்பயறும் கொண்டுவந்து இறக்கினார். நான் மாடு சாப்பிடமாட்டேன், நூருலுக்குப் பன்றி ஆகாது என்று முந்தின நாளே மகளிடம் கேட்டு வைத்திருந்தாராம். நல்ல மனுஷி.

மத்தியானம் லூமுட்டுக்குப் புறப்பட்டோம். தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். நூருலின் அப்பா கடற்படையில் இருக்கிறார். பள்ளிக்கூடம் கடலுக்குப் பக்கத்தில். உப்புக்காற்றில் வளையமெல்லாம் துருப்பிடித்து, பந்து விழும்போது கிறீச்சென்று கத்துகிறது. அங்கே எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். நூருல் தோற்றதற்காக அவள் தம்பி எங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கமாட்டேன் என்று ஒளித்து வைத்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் படகுத்துறைக்குப் போனோம். பங்கோர் தீவுக்குப் போகிற படகில் ஒரே கூட்டம். நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ பதினைந்து வெள்ளி என்றாள் கடைக்காரி. பன்னிரண்டுக்கு வாங்கினேன். கொடுத்திருக்கமாட்டாள்தான், ஆனால் நான் அங்கிருந்து நகர்வதாக இல்லை. மெய் லிங் துறையின் ஒரு கோடியில் நின்றாள், தேவி மறு கோடியில். நடுவில் நானும் என் கருவாடும். ஒரு ஐஸ்கிரீம் வாங்கி மெய் லிங் கையில் கொடுத்து, "அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துட்டு வாம்மா" என்று மலாயில் சொன்னேன். அவள் அதை நூருலிடம் கொடுத்து அனுப்பினாள். தேவி கைக்குப் போகும்போது பாதி உருகியிருந்தது. சரி, என் சாமர்த்தியம் அவ்வளவுதான் என்று நூருல் வீட்டுச் சுட்ட மீனைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலம் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. லூமுட்டிலிருந்து ஆயர் தாவார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே திரும்பி எட்டுக் கிலோமீட்டர் போனால் தோட்டம். பெயர்ப்பலகையில் ஏதோ கம்பெனிப் பெயர் இருக்கிறது. ஒன்பதாவது மைலில் இருப்பதால் நம் ஆட்களுக்கு அது ஒன்பதாங்கட்டைதான். ரப்பர்ப் பால்மரம் ஒன்றும் இப்போது கிடையாது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். சனங்கள் ஆயர் தாவார் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். புதிதாக நீலச்சாயம் அடித்து, வாசலில் செம்பருத்தி வைத்து, பார்க்க நன்றாகவே இருந்தது.

மெய் லிங் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினாள். தார் போட்ட ஒரு களம். இரண்டு கோடியிலும் இரண்டு கம்பம். கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம். அவ்வளவுதான்.

"பலகை எங்க?" என்று கேட்டாள்.

 தேவி தன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டின கயிறு.

அந்தப் பள்ளியில் கூடைப்பந்தே கிடையாது. அங்கே ஆடுவது வலைப்பந்து. பக்கத்துக்கு ஏழு பேர். வளையம் உண்டு, பலகை கிடையாது. பந்தைப் பிடித்தவள் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நின்று இன்னொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். கால் நகர்ந்தால் விசில். எல்லாப் பள்ளியிலும் கூடைப்பந்துக் களம் இருக்கும் என்று எங்களில் யாரும் கேட்காமலே வந்துவிட்டோம். தேவியும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

தேவிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த சாரதா டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். குள்ளமான பெண். குரல் மட்டும் பெரிசு.

"எங்ககிட்ட இருக்கறது இதான். ஆடறீங்களா, சாப்பிட்டுப் போறீங்களா?" என்றார்.

கோச் ரொஸ்னா சிரித்தாள். "வந்த எடத்துல அவங்க ஆட்டத்ததான் ஆடணும்," என்று சொல்லிப் பந்துப் பையை பஸ்ஸுக்கே திருப்பி அனுப்பினாள்.

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தேவியோடு ஆறு சின்னப் பெண்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எதிரே எங்கள் பெண்கள் ஏழு பேரும் செம்பனை மாதிரி நெட்டையாக நின்றார்கள். பாவம் அந்தப் பிள்ளைகள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ரொம்ப நேரம் இருக்கவில்லை.

மெய் லிங் பந்தைப் பிடித்தாள். ஓடினாள். விசில்.

"காலு!" என்றார் சாரதா டீச்சர்.

மறுபடி பிடித்தாள். மறுபடி ஓடினாள். மறுபடி விசில்.

இரட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு அவள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து, "அக்கா, நடக்கக்கூடாது, அக்கா!" என்று மலாயில் புத்தி சொன்னது. மெய் லிங் அடுத்த முறை நிற்கப் பார்த்தாள். உடம்பு ஓட, கால் நிற்க, முகம் குப்புற விழப்போனாள். பெற்றோர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து, "ஐயோ, பாத்துமா, தார் சூடு!" என்று ஒருவர் கத்தினார்.

வளையத்துக்குப் பக்கத்தில் போனால் வேறு கூத்து. நூருல் பந்தை எறிந்தாள். பழக்கத்தில் பலகை இருக்கிறதென்று நினைத்து எறிந்தாள். இல்லாத பலகையில் பந்து எப்படிப் படும்? அது நேரே கால்வாயைத் தாண்டிச் செம்பனைக்குள் போய் விழுந்தது. பிள்ளைகள் குதித்துக்கொண்டு எடுக்கப் போனார்கள்.

தேவியை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பந்து வந்தால் நிற்கிறாள், கொடுக்கிறாள், காலியான இடத்துக்குப் போய்விடுகிறாள். வளையத்துக்குக் கீழே பந்து கிடைத்தால் இரண்டு கால்களையும் ஊன்றி, மெல்ல மேலே விடுகிறாள். எதிலும் படாமல் உள்ளே விழுகிறது. மறுபடியும், மறுபடியும். அவள் அம்மா லெட்சுமி என் பக்கத்தில் நின்று, "அவ அஞ்சாங்கிளாஸ்ல இருந்த மாதிரியே இருக்கா" என்றார்.  இதை முடித்துவிட்டுத்தானே ஜெர்சியைக் கொடுக்கப் போகிறாள்.

தோற்றோம். எவ்வளவில் என்று கேட்காதீர்கள். கல்லூரி மானம் இருக்கிறது.

பிள்ளைகள் தேவியைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். மெய் லிங் கால்வாய்த் திண்டில் உட்கார்ந்து முட்டியில் பட்ட சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். கொஞ்ச நேரத்தில் தேவியும் மருந்துப் பஞ்சோடு அங்கே வந்தாள். அவர்கள் பேசினது மலாயில். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எத்தன வயசுலேர்ந்து இத ஆடற?" என்று மெய் லிங் கேட்டாள். பேச்சு நின்றுபோன பிறகு அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஒன்பது."

"நான் நிக்கணும்னுதான் நெனச்சேன் லா. ஒவ்வொரு தடவயும் நெனச்சேன். கால் கேக்கல."

தேவி பஞ்சை முட்டியில் வைத்து அழுத்தினாள். "எனக்கும் அன்னிக்குக் கேக்கல," என்றாள்.

 சாரதா டீச்சர் தூரத்தில் ஏதோ ஒரு பிள்ளையை அதட்டினார். மெய் லிங் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அந்தம்மாகிட்டயா படிச்ச? அப்ப நிக்கத்தான் செய்யும்," என்றாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் தொடங்குவாள். எனக்கு என்ன சிரிப்பென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

பிறகு மெய் லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இன்னும் கோவம் போகல. சொல்லிடறேன். ஃபைனல் ஆடாமயே நான் படிப்ப முடிக்கப் போறேன்."

"தெரியும். அதுக்குத்தான் நான்..." தேவி தன் பையைத் திறந்தாள். உள்ளே எங்கள் அணி ஜெர்சி, துவைத்து மடித்தது. அதை மெய் லிங்குக்குக் காட்டினாள். "இன்னிக்குக் கோச்கிட்ட குடுக்கலாம்னு."

மெய் லிங் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "குடுத்துட்டா எனக்கு ஃபைனல் கெடைக்குமா?"

"இல்ல."

"அப்பறம் என்னாத்துக்கு? நாளைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்கு வா. நீ பந்தப் புடி. நான் பின்னால நின்னு தள்றேன். கால் கத்துக்கற வரைக்கும் தள்றேன்."

தேவி ஜெர்சியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சோறு, பருப்புக் கறி, கத்திரிக்காய், அப்பளம், மிளகாய்ச் சம்பல் போட்ட கோழி. மெய் லிங் சம்பலை மூன்று முறை வாங்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டு தின்றாள். அந்த இரட்டைச் சடை வாண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையால் சாப்பிடுவது எப்படி என்று அதற்கும் புத்தி சொன்னது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறினதும் தேவி பையிலிருந்து அந்த மடித்த ஜெர்சியை எடுத்தாள்.  வியர்வையில் நனைந்திருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு போய் ஜன்னலோர இடத்துக்காக மெய் லிங்கோடு சண்டை போட்டாள். ஆயர் தாவார் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பித்தது.

"அம்மா, ரேடியோவ நிறுத்திடவா? இதுங்க கத்தறதே போதும்லா," என்றான் குணா.

"நிறுத்து," என்றேன். ஈப்போ வரைக்கும் எழுபது கிலோமீட்டர். அன்றைக்கு ஏர்கோன் குளிர்கூட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கிற களத்தில் பலகை உண்டு, விளக்கு உண்டு, கோடெல்லாம் வெள்ளையாகப் போட்டிருக்கிறது. இத்தனை காலமும் ஒரு களமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, யார் எந்தக் களத்திலிருந்து வந்தாள் என்று அவர்கள் நிற்பதிலும் ஓடுவதிலும் எனக்குத் தெரிகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பந்து தரையில் அடிபடுகிற சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. உடனே மெய் லிங்கின் குரல், "ஜாலான்! ஜாலான் லா!" என்று. நடடி என்று மலாயில் கத்துகிறாள். தொப்பென்று யாரோ விழுந்தார்கள், இரண்டு பேரும் சிரித்தார்கள், மறுபடி பந்து அடிபட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவர்கள் இரண்டு பேரும் வரவே நேரமாயிற்று. ரசத்தை இரண்டு முறை சூடாக்கினேன்.