அலசியும் தெளியாத அரக்கு

அம்மாவின் கைகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவற்றின் நிறம்தான். ஆரணியில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் அப்பா தறி நெய்தார், பின்கட்டில் அம்மா பட்டு நூலுக்குச் சாயம் போட்டாள். அண்டாவில் கொதிக்கும் சாயத்தில் நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி முக்கித் திருப்பித் திருப்பி எடுப்பதால், முழங்கை வரை அன்றைய நிறம் ஏறியிருக்கும். எனக்குச் சோறு ஊட்டிய கை ஒருநாள் பச்சை, ஒருநாள் மாம்பழ மஞ்சள். முகூர்த்த மாதங்களில் பெரும்பாலும் அரக்குச் சிவப்பு. மற்ற வீட்டு அம்மாக்களின் கைகள் ஏன் தினமும் ஒரே நிறத்தில் இருக்கின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சாயம் போட்ட சிட்டங்களைச் சந்தில் மூங்கிலில் தொங்கவிடுவார்கள். ஈரம் சொட்டும். அதன் கீழே ஓடுவதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட்டு, சட்டை பாழாகி அடி வாங்குவது அதன் மீதிப் பாதி. அம்மா பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். சட்டை விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது. "மூங்கிலுக்கு அடியில போனே, தோல உரிச்சுடுவேன்" என்பாள். எங்கள் வீட்டில் சிவப்புக் கறை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம் என்பது.

எண்பதுகளின் கடைசியில், நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், பள்ளிக்கூட மைதானத்துக்கு இரும்புச் சறுக்குமரம் ஒன்று வந்தது. ஊரில் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் மொய்ப்பார்கள். எங்கள் டீச்சர் கண்ணமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார், பார்க்கப் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு மாலை நான் ஏணியின் மேல்படியில் நின்றபோது பின்னாலிருந்து தள்ளுமுள்ளு. கீழே விழுந்தேன். மணலைச் சுற்றி ஓரம் கட்டியிருந்த செங்கல்லில் பின்மண்டை இடித்தது.

தலையைத் தொட்ட கை சிவப்பாக வந்தது. நான் அழவில்லை. அன்று காலையில்தான் அம்மா அரக்கு நூலைச் சந்தில் காயப்போட்டிருந்தாள், நானும் அதன் கீழே புகுந்துதான் பள்ளிக்கு ஓடினேன். ஆகவே அது சாயம் என்றே நினைத்தேன். வலி இருந்தது, ஆனால் வெள்ளைச் சட்டையை நினைத்த பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. பள்ளிக் குழாயில் கையை மட்டும் கழுவிக்கொண்டு, முதுகை யாருக்கும் காட்டாமல் சுவர் ஓரமாகவே நடந்து வீடு வந்தேன்.

அம்மா அண்டாவின் முன் நின்றிருந்தாள். என் முதுகைப் பார்த்துவிட்டாள். "இன்னாடி இது? காலைல போட்ட சட்டைய இன்னா பண்ணிகினு வந்து நிக்கற?" முதுகிலேயே ஒன்று வைத்தாள். இழுத்துப்போய்த் தொட்டியருகே நிறுத்தி, சட்டையைக் கழற்றாமலே செம்பால் மொண்டு ஊற்றினாள். திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

சாயம் என்றால் முதல் தண்ணீர் கெட்டியாகப் போகும், அடுத்தது வெளுக்கும், பிறகு தெளிந்துவிடும். அது அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிய கணக்கு. அன்று தண்ணீர் தெளியவே இல்லை. ஊற்ற ஊற்றச் சிவப்பாகவே ஓடியது. திட்டு பாதி வார்த்தையில் நின்றது. செம்பைக் கீழே போட்டுவிட்டு என் தலைமுடியைப் பிரித்துப் பார்த்தாள். அப்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் நான் அழ ஆரம்பித்தேன்.

அண்டாவில் நூல் கிடந்தது. கிளறாமல் விட்டால் திட்டுத்திட்டாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்பா தறியிலிருந்து எழுந்து, மேல்சட்டைகூட இல்லாமல் பின்னால் ஓடி வந்தார். அங்கே நர்ஸம்மா அம்மாவின் கைகளைப் பார்த்துப் பதறிப்போனார். "இவ்ளோ ரத்தமா? முதல்ல நீ உட்காரும்மா" என்று அவள் கையைப் பிடித்துத் துடைக்கப் போனார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அது சாயம். கொழந்தையப் பாருங்க, கொழந்தையப் பாருங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

தையல் போட்டு முடித்ததும் அப்பா என்னிடம், "ஏம்மா, அடிபட்டதுன்னு அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "சாயம்னு நெனச்சேன்" என்றேன். அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில், அத்தனை பேர் பார்க்க, புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஓடற புள்ள விழத்தான் செய்யும், உடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் மாலை மணி அடிக்கும்போது அம்மா பள்ளி வாசலில் நிற்பாள். எப்பேர்ப்பட்ட அவசர வேலையாக இருந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்துவிடுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, சறுக்குமரம் இருக்கும் பக்கமே பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டி வருவாள். சாயக் கறைக்காக அதன்பின் அவள் என்னைத் திட்டியதே இல்லை. எனக்கும் அந்தக் கை சுகமாகவே இருந்தது. காயம் ஆறி, முடியும் வளர்ந்து மூடிவிட்டது. ஆனால் நான் ஓடுவதை விட்டிருந்தேன். சந்தில் மற்றப் பிள்ளைகள் மூங்கிலுக்கு அடியில் கத்திக்கொண்டு ஓடும்போது, நான் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள் கோயில் வாசலில் இரண்டு படிகள். அதில் ஏறும் முன் நின்று, "அம்மா, விழுந்துடுவேனா?" என்று கேட்டேனாம். இது எனக்கு நினைவில்லை, அப்பா பிற்பாடு சொன்னது. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை என்றும் சொன்னார்.

இன்று எனக்கும் ஒரு மகள். அவள் முதன்முதலாகப் பூங்காவில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது, ஊர் கூடும்படி கத்தியது அவளல்ல, நான். இப்போதும் அவள் ஊஞ்சலில் ஏறினால், பிடி, மெதுவா, பாத்து என்று என் வாய் ஓயாது. எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. அப்போதெல்லாம், அந்தக் கோயில் படிக்கு அடுத்த நாள் அம்மா செய்ததை நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அது வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அடுத்த நாள் மாலை, பள்ளி வாசலுக்கு வந்த அம்மா வீட்டுப் பக்கம் திரும்பாமல் என்னை நேராகச் சறுக்குமரத்திடம் கூட்டிப் போனாள். கை அன்று அரக்கு. பிள்ளைகளிடம், "கொஞ்சம் நில்லுங்கடா கண்ணுங்களா, பாப்பா ஒரு தபா போவட்டும்" என்றாள். என் கையை விட்டாள். "ஏறு" என்றாள். நான் பயந்துபோய், "நீ பாத்துகினே இரும்மா" என்றேன்.

"நான் பாத்தேன்னா உன்ன எறக்கிடுவேன். நான் அப்படித் திரும்பி நிக்கறேன். நீ வா."

சொன்னபடியே பள்ளிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் அவள் பின்னந்தலையும், முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்த அந்தச் சிவந்த கைகளும்தான் தெரிந்தன. மேலே நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, அவள் திரும்பவே இல்லை. சறுக்கினேன். மணலில் கால் பட்ட சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"வந்துட்டியா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"வந்துட்டேம்மா."

அப்புறம்தான் திரும்பினாள். குனிந்து என் பின்மண்டையில் முடியைப் பிரித்துப் பார்த்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "இன்னொரு தபா போறியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டுவதற்குள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.