சிமிழை எடுத்தவள்

பி.எட். வகுப்பில் எங்களைச் சரித்திரக் குற்றக்கதை எழுதச் சொன்னார்கள். நாளைக்கு நாங்கள் பிள்ளைகளுக்குக் கதையெழுதச் சொல்லித்தர வேண்டுமாம். மாடம்பாக்கம் கோயிலை வைத்துச் சோழர் காலத்துக் கதை ஆரம்பித்தேன். விளக்கைத் திருடியவள் கோயில் பணிப்பெண் என்று எழுதும்போது, பக்கத்து பெஞ்சிலிருந்து டிபன் பாக்ஸ் ஒன்று தவறி விழுந்தது.

அந்தச் சத்தத்தில் அஸ்தினாபுரம் வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது. எனக்கு எட்டு வயது. வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காணோம் என்று, வீட்டுவேலைக்கு வரும் செல்வி அக்காவை அம்மா கேட்டுவிட்டார். அக்கா தன் பையைத் தரையில் கவிழ்த்தார். தூக்குவாளி உருண்டு சாம்பார் சாதம் சிந்தியது.

"நல்லா பாத்துக்கோம்மா. இன்னா கீது இதுல?"

சிமிழ் என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. தோழிகளிடம் காட்ட எடுத்திருந்தேன். பயத்தில் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அதை அலமாரிக்குப் பின்னால் போட்டேன். அக்கா அப்புறம் வரவே இல்லை.

பணிப்பெண் திருடினாள் என்ற வரியை அடித்துவிட்டு, வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அம்மா, அந்தச் சிமிழை எடுத்தது நான்தான்."

"தெரியும்டி. அவ போனப்புறம், அன்னிக்கு ராத்திரியே உன் பையில பாத்துட்டேன்."

"அப்ப ஏம்மா அக்காவைத் திரும்பக் கூப்பிடல?"



"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடி கூப்பிடறது?"