டெல்டா ஏறாத பள்ளிக்கூடம்

ஆறுமுகநயினார் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் மகன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மலையிறங்கி நகரத்துக்கு வந்து ஏதேதோ வேலை பார்த்தவர், கடைசியில் தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் மாடியில் இருந்த ஓர் அறக்கட்டளையில் ஒதுங்கினார். மலையோரப் பள்ளிகளுக்கு அது கொடுத்திருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதே அவர் பிழைப்பு.

2009இல் டெல்டா என்ற புதுப்பிக்கும் முறை வந்தது. அதற்கு முன் சின்னத் திருத்தம் என்றாலும் மென்பொருள் முழுதாக இறங்க வேண்டும். மலையில் டெலிபோன் லைன் பாதியிலேயே அறுந்துபோகும். டெல்டாவில் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வரும். கம்ப்யூட்டரில் கிடக்கும் பழையதோடு அது சேர்ந்து புதியதைக் கட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பழையதில் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. எல்லாப் பள்ளிகளிலும் ஏறியது. பின்னாளில் வந்த போனக்காட்டுத் தமிழ்ப் பள்ளியில் மட்டும் ஏற மறுத்தது.

கை வைத்தவர் நயினாரேதான். தோட்டத்துப் பிள்ளைகள் மலையாள மெனுவைப் பார்த்து முழிப்பது பொறுக்காமல், தமிழ்ச் சொற்கள் அடங்கிய கோப்பை மலையாளக் கோப்பின் இடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். மலையாளத்தைத் தொடாமல் தமிழைத் தனிப் பொதியாகச் செய்திருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"தமிழைத் தனியாப் பண்ணித் தாறேன் சார். டெல்டாவும் ஏறும்," என்றார் மேலாளர் விஜய்குமாரிடம்.

விஜய்குமாரும் தமிழ் வீட்டுக்காரர். சிரித்தார். "நானும் மலையாளத்துலதானே படிச்சேன் நயினாரே, கெட்டா போயிட்டேன்? ஒரு ஸ்கூளுக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சா, நாளைக்கு நீர் இல்லாட்டா ஆரு அதை நோக்கறது? பழையபடி ஆக்கிட்டு வாரும், கேட்டோ."

'நீர் இல்லாட்டா' என்பதை அவர் நிறுத்திச் சொன்ன விதம் நயினாருக்கு விளங்கியது. அவருடைய வேலை ஒப்பந்த வேலை.

மறுநாள் மலையேறி, தமிழை எடுத்துவிட்டு மூலக்கோப்பை வைத்தார். டெல்டா தடங்கலில்லாமல் ஏறியது. பக்கத்தில் நின்ற சரோஜம் டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டதும் நீங்க, எடுக்கறதும் நீங்களா அண்ணே?"

"மேலிடத்து உத்தரவு டீச்சர்."

"பிள்ளைங்க எங்க அமுக்கணும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"சேமிக்கணும்னா மேலேயிருந்து நாலாவது வரி. அப்படி இடத்தை வச்சுச் சொல்லிக் கொடுங்க."

"அதுக்கு எழுத்துக்கூட்டிப் படிச்சது எதுக்கு? எண்ணத் தெரிஞ்சாப் போதுமே."

தம்பானூரிலிருந்து விஜய்குமாரின் போன் வந்தது.

"எல்லா ஸ்கூளும் ஒண்ணுபோல ஆயாச்சு இல்லியா?"

"எல்லாம் சரியாயி சார்," என்றார் நயினார், மலையாளத்தில்.