றெக்கை டெய்லர் போட்ட ஒட்டு

நம்ம றெக்கை டெய்லருக்கு ஜாக்கெட்டும் தைக்கத் தெரியும், ப்ளேனும் தைக்கத் தெரியும். சிரிக்காதீங்க. அந்தக் காலத்து ரெட்டை றெக்கை ப்ளேனுக்கு உடம்பு முழுக்க மரச்சட்டமும் துணியும்தான். பந்தயத்துக்குன்னே ஏழு செஞ்சாங்களாம், ஆறு போய்ச் சேர்ந்துடுச்சு. ஏழாவதை ஒரு பணக்காரர் வாங்கி, ரெண்டு கப்பு ஜெயிச்சு, மூணாவது பந்தயத்துல வயல்ல குப்புறக் கவுத்துட்டார். அப்புறம் பதினோரு வருஷம் ஃப்ளையிங் கிளப் ஷெட்டுல எலி அதுக்குள்ள குடும்பம் நடத்துச்சு.

அதைத் திரும்பப் பறக்க வச்சது டெய்லர்தான். ரெண்டு வருஷம், துணியைச் சட்டத்தோட சேர்த்து நாலு விரக்கடைக்கு ஒரு முடிச்சு. ஆனா ரெக்கார்டு புக்குல லைசென்ஸ் இருக்கிறவர்தான் கையெழுத்து போடணும், கிளப் இஞ்சினியர் போட்டுட்டார். டெய்லர் லேசுப்பட்டவரா? துணி மூடுறதுக்கு முன்னாடி, இடது றெக்கைச் சட்டத்துல பென்சிலால தன் பேரை எழுதிட்டார். கிளப்புல பெட்ரோல் வண்டி ஓட்டின நான்தான் டார்ச் பிடிச்சேன்.

இப்ப ப்ளேன் மியூசியத்துல இருக்கு. போர்டுல இஞ்சினியர் பேரு. அதைப் பார்த்த டெய்லரோட மாப்பிள்ளை, "ஏன் மாமா, இஞ்சினியருக்கு பேன்ட் தச்சதைத்தான் ப்ளேன் தச்சேன்னு சொன்னீங்களா?"ன்னார். பொண்ணும் கூடச் சேர்ந்து சிரிச்சுது. அந்தச் சிரிப்பு மனுஷனை நேரா மியூசியம் மேனேஜர்கிட்ட கொண்டுபோய் நிறுத்துச்சு. துணைக்கு நான்.

"போர்டுல என் பேரும் வரணும் சார்."

"ஆதாரம்?"

"றெக்கைக்குள்ள இருக்கு. ஒரு சாண் கிழிச்சாத் தெரியும்."

"நீங்களே ஒட்டித் தரணும். ஒட்டு தெரியக் கூடாது."

லீவு நாள்ல டெய்லரே பிளேடு போட்டார். பேரு அப்படியே இருந்துச்சு. மேனேஜர் கண்ணாடி மாட்டிப் படிச்சார்.

"பேர் எழுதினவர்தான் தச்சார்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன் சார்"னேன்.

"நீங்க யாரு?"

"பெட்ரோல் வண்டி டிரைவர்."

அதோட என் சாட்சி முடிஞ்சுது. "லைசென்ஸ் இல்லாதவர் தச்சார்னு போர்டு வச்சா எங்க மானம் போயிடும். மூடிடுங்க பெரியவரே."

"கோணலா ஒட்டுய்யா, அசிங்கமாத் தெரியட்டும்"னு காதுல சொன்னேன். அந்த ஆளுக்கு மோசமாத் தைக்கத் தெரிஞ்சாத்தானே?

அடுத்த ஞாயித்துக்கிழமை, தான் போட்ட ஒட்டையாவது காட்டலாம்னு பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போனார். "இஞ்சினியர் போட்ட துணி, ஒரு ஒட்டுகூட கிடையாது"ன்னு கைடு சொல்லிட்டிருந்தான். டெய்லர் கயித்தைத் தாண்டிப் போய் றெக்கையைத் தடவினார், திரும்பத் திரும்பத் தடவினார். அவர் விரலுக்கே இடம் அகப்படல.

"யோவ், தொடாதய்யா!"ன்னு கைடு கத்தினான்.

"வாங்க மாமா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு மாப்பிள்ளை கையைப் பிடிச்சு இழுத்தார்.