எஸ்டிலைக் காரிலிருந்து இறக்கிய தோட்டா

கென்டக்கியின் கிழக்கு மலைகளில், கேனி கிரீக் ஓடையை ஒட்டிய நாலு பள்ளத்தாக்குகளில், யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போனாலும் சாவி கடைசியில் வெல்டா டாக்கெட்டின் கைப்பைக்குத்தான் வந்து சேரும். வீடு விற்றுக் கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாவிகளோடு தனியாகத்தான் போய்வந்தாள். இந்த மார்ச் மாதத்திலிருந்து காரில் பக்கத்து இருக்கையில் புருஷன் எஸ்டில் ஏறிக்கொண்டான்.

காரணம் இருந்தது. மேட்டு வீடு ஒன்றைப் பார்க்க வந்த ஆள், வெல்டா உள்ளே நுழைந்ததும் பின்னாலேயே வந்து கதவைத் தாழிட்டான். அதிலேயே சாய்ந்து நின்று சிரித்தான். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய கேஸ் லாரி வழி தவறி முற்றத்தில் வந்து நின்றது. அவன் தாழை விலக்கி, "வீடு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெல்டா வீட்டைப் பூட்டிக்கொண்டு காரில் ஏறினாள். எஸ்டிலிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. சொன்ன அன்று பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டிலேயே ஆறிப்போயின. மறுநாள் காலையில் அவன் தொப்பியோடு காரில் இருந்தான்.

அன்புதான்; இல்லை என்று வெல்டா சொல்லவில்லை. ஆனால் எஸ்டில் இருபத்தொன்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை தாங்குமா என்று தடியால் தட்டிப் பார்த்துச் சொன்னவன். ஓய்வு பெற்றும் தடி ஓயவில்லை. விற்பனைக்கு வந்த வீட்டிலும் அறை அறையாகக் கூரையைத் தட்டினான். வாங்க வந்தவர்களைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க தம்பி, மழை வந்தா வெளிய நின்னுக்கங்க. உள்ளதான் ஜாஸ்தியா பெய்யும்" என்றான். மே மாதத்துக்குள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த இரண்டு பேர் மூடிவிட்டுப் போனார்கள்.

"என்னைத் தனியா விடறதுக்கு நீ என்ன கேக்கற, சொல்லு" என்றாள் வெல்டா ஒருநாள்.

எஸ்டில் தயாராக வைத்திருந்தான். "சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கு. இடுப்புல கோட்டுக்கடியில வச்சுக்கறாப்ல. அதுக்குத் தோதான தோட்டாவைத் தேடிப் பிடி. தினம் எதைப் போட்டு வச்சுக்கப் போறியோ அதே தோட்டாவுல அம்பது, ஒண்ணுகூடத் துப்பாக்கிக்குள்ள சிக்காம, ஏழு கெஜத்துல ஒரு பேப்பர் தட்டுக்குள்ள சுட்டுக் காட்டு. நான் இறங்கிக்கறேன்."

"சத்தியமா?"

"என் பல்லு மேல சத்தியம்."

"எந்தப் பல்லு? டம்ளர்ல ஊறுதே, அதுவா?"

துப்பாக்கியைத் தேர்வது சுலபமாக முடிந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பனியில் வழுக்கி வெல்டாவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தோட்டா ஏற்றத் துப்பாக்கியின் மேல் தகட்டைப் பின்னால் இழுத்தால் அவள் கைக்கு வரவேண்டும். அப்படி வந்தது ஒன்றே ஒன்றுதான்: உள்ளங்கையில் அடங்கும் முன்னூற்று எண்பது ரகத் துப்பாக்கி. தோட்டாதான் பாடாய்ப் படுத்தியது.

ஹோபார்ட் மேகார்ட் கடையில் முன்பக்கம் தூண்டில் புழு, பின்பக்கம் தோட்டா. ஹோபார்ட்டின் கை வேலிக் கம்பம் கனம் இருக்கும். கடைக்குப் பின்னால் களிமண் மேடு ஒன்றை வெட்டி, சுட்டுப் பார்க்க இடம் விட்டிருந்தான். எஸ்டில் வெல்டாவோடு அங்கே போய் இடிமின்னல் படம் போட்ட பெட்டி ஒன்றை எடுத்தான். மூக்கில் குழி வைத்த தோட்டாக்கள். குழி பட்ட இடத்தில் விரிந்து அங்கேயே நிற்கவேண்டும், மறுபக்கம் போய் வேறு யார் மேலும் படக்கூடாது என்பதற்காகத்தான் குழி. எஸ்டில் எடுத்ததில் குழி கடையிலேயே அகலம், வெடிமருந்தும் அதிகம்.

"இதுல கஞ்சியே குடிக்கலாம் போலிருக்கே" என்றாள் வெல்டா.

"வாய் பெருசா இருந்தாத்தான் வேலை நடக்கும்."

"உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

வெல்டா சுட்டுப் பார்த்தாள். மூன்றாவது தோட்டா பாதி ஏறி மூக்கு மேலே தூக்கிச் சிக்கியது. ஒன்பதாவதும் அப்படியே. எஸ்டில் கேலியில்லாமல், மெதுவாக, "துப்பாக்கி மேல தப்பில்ல வெல்டா. உன் மணிக்கட்டு தளருது. பிடி தளர்ந்தா தகடு முழுசாப் போய்த் திரும்பாது" என்றான்.

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பதே அவளைச் சுட்டது. கைதான் காரணம் என்றால் எந்தப் பெட்டியை வாங்கி என்ன பயன்? எஸ்டில் சாகும்வரை பக்கத்து இருக்கையில் தடியோடு இருப்பான்.

வெல்டா எதையும் அளக்காமல் நம்புகிறவள் அல்ல. விற்கிற வீட்டின் ஜன்னலைக்கூட உரிமையாளர் சொன்ன அளவில் எழுதமாட்டாள். செவ்வாய்க்கிழமை தனியாக ஹோபார்ட்டிடம் போய், அதே துப்பாக்கியையும் அதே பெட்டியையும் அவன் கையில் கொடுத்தாள். அவன் சுட்டான். ஏழாவது சிக்கியது.

"மிஸ் வெல்டா, என் மணிக்கட்டும் தளருதுன்னு எஸ்டில்கிட்ட சொல்லிடுங்க" என்றான். அந்தப் பக்கத்தில் கல்யாணமானவளுக்கும் மரியாதைக்கு 'மிஸ்'தான்.

சிக்கியதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். குழியின் விளிம்பில் புதிதாக ஒரு வெள்ளிக் கீறல். குழலுக்குள் ஏறும் சரிவின் உதட்டில் அகன்ற வாய் இடிக்கிறது. கையில் குற்றமில்லை. அன்று வீடு திரும்பும்போது காரில் பாடிக்கொண்டே வந்தாள். அவள் குரலுக்கு அது நல்ல காரியமில்லை.

அடுத்த இரண்டு வாரம், வீடு அளக்கும் நோட்டுப் புத்தகத்தில் தோட்டாக்கள் ஏறின. எது சிக்காமல் ஓடுகிறது, எது கையை உதறவைத்து இரண்டாவது குறியைத் தவறவிடுகிறது என்று எழுதினாள். ஓடியதில் மூன்றைப் பொறுக்கினாள். மாதா கோயில் பெண்களிடமெல்லாம் காலிப் பால் ஜாடி கேட்டு வாங்கித் தண்ணீர் நிரப்பி, தோட்டா எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க ஹோபார்ட்டின் களிமண் மேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். எதிரில் வருகிறவன் சட்டையில்லாமல் வரமாட்டான் என்பதால் முதல் ஜாடிக்கு முன்னால் ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாகக் கட்டினாள்.

"அது என் ஞாயித்துக்கிழமை ஜீன்ஸ்!" என்றான் எஸ்டில்.

"ஞாயித்துக்கிழமை நீ கோயிலுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

முதல் வகைத் தோட்டா, குட்டைக் குழலில் வேகம் போதாமல், குழி நிறையத் துணியை அடைத்துக்கொண்டு விரியவே இல்லை. எல்லா ஜாடியையும் துளைத்து மேட்டில் போய்ப் புதைந்தது. இரண்டாவது அழகாகப் பூப்போல விரிந்து இரண்டாவது ஜாடியிலேயே நின்றுவிட்டது. எஸ்டில் அதைக் கையில் வைத்து மகிழ்ந்தான்.

"பூவு அழகுதான். ஆழம் போகலையே. கனமான கோட்டு போட்டவனுக்கு இது காணாது" என்று வெல்டா அதை நோட்டில் அடித்துவிட்டாள். மூன்றாவது, பெட்டியில் எந்தப் படமும் இல்லாத சாதாரணத் தோட்டா. பட்டாணி அளவுக்கு விரிந்து நாலாவது ஜாடியில் நின்றது. மூன்று தடவை சுட்டாள். மூன்று தடவையும் நாலாவது ஜாடி. கையும் உதறவில்லை. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

சனிக்கிழமை தேர்வு. எஸ்டில் தன் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து எண்ணினான். நாற்பத்தொன்றில் வெல்டா நிறுத்தி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். மறுபடி சுட்டாள். ஐம்பது. ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் ஒரு துளை தட்டின் விளிம்பைக் கடித்திருந்தது.

எஸ்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "இது உள்ளயா, வெளியயா?"

"பாதி உள்ள."

"அப்ப பாதி வெளிய. அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்."

"பல்லு மேல பண்ணின சத்தியம்பா எஸ்டில்" என்று வேலிப் பக்கத்திலிருந்து ஹோபார்ட் குரல் கொடுத்தான்.

"சத்தியம் தட்டுக்குள்ளன்னுதான். தோட்டான்னா எப்படி இருக்கணும்னு முதல்ல இதைப் பாரு, வெல்டா." எஸ்டில் தன் இடுப்பிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கியை எடுத்தான். குழலில் இருந்த தோட்டாவைக் கழற்றினான். பிடிக்குள் தோட்டா அடுக்கும் மேகசினில் இருந்தவற்றையும் உருவி, எல்லாவற்றையும் பின்பலகையில் வரிசையாக நிற்க வைத்தான்.

வெல்டா குனிந்து பார்த்தாள். ஜன்னல் சட்டம் கோணினால் வாசலிலிருந்தே சொல்லிவிடும் கண். "இதென்ன, எல்லாரும் நிக்கறாங்க, இவன் மட்டும் உக்காந்திருக்கான்?"

குழலிலிருந்து கழற்றியதுதான் அது; மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. ஹோபார்ட் உள்ளே போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து அளந்தான். பக்கத்தில் இருந்ததை அளந்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எஸ்டில், தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குழல்ல இருக்கறதைக் கழட்டிடுவியா?"

"பின்ன? குண்டு போட்டதை வீட்டுல வைக்கக்கூடாதில்ல. காலைல மறுபடி போடுவேன்."

"கழட்டினதையே மேகசின்ல மேல வச்சு?"

"அதானே மேல இருக்கு."

"எப்பலேருந்து?"

எஸ்டில் யோசித்தான். "வெல்டாகூடப் போக ஆரம்பிச்சதுலேருந்து."

"தினம் காலைல அதே தோட்டா மூக்கால முட்டிக்கிட்டுதான் உள்ள போகுது. ஒவ்வொரு முட்டுக்கும் முனையில இருக்கற குண்டு பித்தளைக் கூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடுச்சு. உள்ள மருந்துக்கு இடமில்ல. சுட்டிருந்தா அழுத்தம் எகிறியிருக்கும். துப்பாக்கி உன் கையிலேயே பிளந்திருக்கலாம்."

வெல்டா அந்தக் குட்டைத் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மேட்டு வீட்டுக் கதவு ஒருகணம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

"ஆக, நாலு மாசமா என்னைக் காப்பாத்த என் பக்கத்துல உக்காந்திருந்தது இதுதானா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எஸ்டிலுக்குத் தாங்கவில்லை.

அவன் தட்டை எடுத்தான். விளிம்புத் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். "உள்ளதான். கண்ணாடி அழுக்கா இருந்திருக்கு" என்றான்.

"நான் எப்படி வச்சுக்கணும் ஹோபார்ட்?"

"தினம் கழட்டாம, உறையோட பூட்டி வைங்க, மிஸ் வெல்டா. கழட்டினா மேல இருக்கறதை மாத்தி மாத்திப் போடுங்க. அப்பப்ப மத்ததோட நிறுத்திப் பாருங்க. குட்டையா தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க." குட்டைத் தோட்டாவை அவனே வாங்கி வைத்துக்கொண்டான். வெர்னியரை எஸ்டில் கையில் கொடுத்தான், இரவலாக.

திங்கட்கிழமை ஓடையோரத்து மஞ்சள் வீட்டைப் பார்க்க ஒரு நர்ஸும் அவள் புருஷனும் வந்தார்கள். வெல்டா அவர்களை முன்னால் போகவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்து, பின்னால் நுழைந்தாள். பின்னறைக்கு வந்ததும் அவளையறியாமல் கை உயர்ந்தது. கையிலிருந்த குடையின் பிடியால் கூரையைத் தட்டினாள். ஒரு மூலையில் சத்தம் பொத்தென்று கேட்டது.

"இந்த மூலை ஒழுகும். மத்த இடமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்ஸ் புருஷனைப் பார்த்தாள். "இதுவரைக்கும் ஆறு வீடு பார்த்துட்டோம். ஒழுகும்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றாள். இருவரும் கிணற்று மோட்டாரைப் பார்க்கத் தாங்களாகவே போனார்கள்.

கைபேசி அடித்தது. எஸ்டில்.

"தட்டிப் பார்த்தியா?"

"உன் வேலையைப் பாரு. தோட்டாவெல்லாம் அளந்தாச்சா?"

"ரெண்டு பெட்டி முடிஞ்சுது. இன்னும் மூணு இருக்கு. கண்ணு வலிக்குது வெல்டா."

"கண்ணாடியைத் தொடச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.