பயாஸ் மாற்றிய சனிக்கிழமை

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் காலைப் படகைத் தவறவிடாமல் இருக்க என் கணவர் அப்படி வைத்திருந்தார். கீழ்வீட்டில் அரை மணி முன்னால். உண்மையான நேரம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைப் பார்ப்போம்.

மகள் எடை குறைவாகப் பிறந்தவள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பால் கொடுங்கள், ஆனால் திணிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் படித்தவள் என்ற முறையில் லினக்ஸில் சின்ன நிரல் ஒன்று எழுதி மணி அடிக்க வைத்தேன். அடித்ததும் பாலடையோடு போய் நிற்பேன்.

பழைய கம்ப்யூட்டர் போய் இரண்டு கோர், அதாவது இரண்டு மூளை, உள்ள புதியது வந்த பிறகு, குழந்தை பாலைக் கக்கத் தொடங்கியது. டாக்டரிடம் ஓடினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறை. அடுத்த வாரமும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை காலை மணி அடித்தபோது தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சுவர்க் கடிகாரத்தையே முந்தியிருந்தது.

"இதையும் முன்னால தள்ளி வச்சீங்களா?"

"நான் எதுக்குடி அதத் தொடறேன்? பிள்ளை பட்டினி கிடக்கும்னு நீதான் தள்ளியிருப்பே."

செய்திருப்பேனோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. நேரம் கேட்கும் கட்டளையை அடுத்தடுத்துத் தட்டினேன். இரண்டாவது பதில் முதல் பதிலுக்கு முந்தைய நேரத்தைக் காட்டியது. அவரும் நானும் சேர்ந்தாலும் அப்படிச் செய்ய முடியாது.

இயந்திரம் தொடங்கும்போது ஓடும் செய்திகளில் காரணம் இருந்தது. கோர் ஒவ்வொன்றுக்கும் நேரத்தை எண்ண ஒரு தனி எண்ணி. இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவைக்க வேண்டியது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல், அது செய்யவில்லை. லினக்ஸ் ஒருமுறை இந்தக் கோரிடம் நேரம் கேட்டது, மறுமுறை அந்தக் கோரிடம். நடுவிலிருந்த வித்தியாசத்தையும் கழிந்த நேரமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதனால் மூன்று மணி நேரம் ஆகும் முன்பே மணி அடித்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் வேறு கடிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தையும் பயாஸ் மறைத்து வைத்திருந்தது.

புதிய பயாஸ் இணையத்தில் கிடைத்தது. அதைப் பதியும்போது மின்சாரம் போனால் மதர்போர்டு செத்துவிடும் என்ற எச்சரிக்கையோடு. எங்களுக்கோ மாலையில் தினமும் பவர் கட். அதைவிடப் பெரிய ஆபத்து கீழ்வீட்டுச் சேச்சியின் மிக்ஸி. அது ஓடினால் இரண்டு வீட்டுக்கும் ஃபியூஸ் போகும். மதியமே முடித்துவிட நினைத்துக் கீழே இறங்கினேன்.

"சேச்சி, கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீங்க."

"எந்தா மோளே, வாவ ஒறங்கியோ?" குழந்தை தூங்குகிறதா என்று கேட்டார்.

"இல்ல சேச்சி, கம்ப்யூட்டருக்கு..."

"கம்ப்யூட்டர் ஒறங்கியோ! தேங்கா அரைக்காம மீன் கறி எப்படி வைக்கும்?"

பேசிப் பயனில்லை என்று கணவரை அங்கே காவலுக்கு அனுப்பினேன். சேச்சி அவரைத் தேங்காய் துருவ உட்காரவைத்துவிட்டார். மேலே நான் புதிய பயாஸ் இருந்த ஃபிளாப்பியைப் போட்டுவிட்டுக் காத்து நின்றேன். திரை இருண்டது. போயிற்று என்று அழத் தயாரானபோது திரும்ப எழுந்தது. கட்டளையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். நேரம் ஒழுங்காக முன்னால் மட்டுமே போனது.

அப்புறம் நெடுநேரம் மணி அடிக்கவே இல்லை.

"நின்னுபோச்சுங்க."

"அது சரியா ஓடுது. நீதான் ஓடுறே. உட்காரு."

மணிக்குக் காத்திராமல் குழந்தையே பசித்து அழுதது. கொடுத்த பாலை முழுவதும் குடித்தது. தோளில் துணி போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு ஏப்பம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டாக்டரின் தராசில் எடை ஏறியிருந்தது. அவர் மகிழ்ந்துபோய், "எந்தா மாற்றியது?" என்று கேட்டார்.

"மதர்போர்டு பயாஸ், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் காட்டி என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்ம ராத்திரி ஒறங்குன்னுண்டோ?"