நாலு பொட்டலத் தூரம்

ஊருக்குப் போய்த் திரும்பும் வாப்பாவின் சட்டையில் ஒரு வாடை இருக்கும். ஜன்னல் கம்பித் துருவும் பீடிப் புகையும் ஊசிப்போன புளிச்சோறும் கலந்த அதை நாங்கள் ‘ரெயில் வாடை’ என்போம். தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குள் அது விருந்தாளி மாதிரி இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போகும்.

பம்பாய்க்கும் மேலப்பாளையத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் விழிப்பேன். வீட்டில் கேட்டால் சட்டென்று சொல்வேன், நாலு பொட்டலம். தாதரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கும்வரை உம்மா கட்டிக்கொடுக்கும் சோற்றின் கணக்கு அது. குர்லாப் பக்கம் தாழ்ந்து இறங்கும் விமானங்களைத் தகரக் கூரைமேல் நின்று பார்த்திருக்கிறோமே தவிர, எங்கள் ஊர்ப் பக்கமும் அவை போகும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

வாப்பாவை வளர்த்து ஆளாக்கிய அண்ணன், எங்கள் பெரியவாப்பா, இறந்த செய்தி ஒரு நாள் காலையில் முக்குக் கடைத் தொலைபேசிக்கு வந்தது. எங்களில் மையித்தை வைத்திருக்கும் வழக்கமில்லை, அன்றைக்கே அடக்கிவிட வேண்டும். வாப்பா வேலை பார்த்த தோல்பைக் ‘கார்கானா’வின் முதலாளி, திருவனந்தபுரம்வரை விமானத்தில் போனால் முகம் பார்த்துவிடலாம் என்றார், டிக்கெட்டும் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். வாப்பா கேட்கவில்லை. “எனக்காவ வச்சிருக்காதிய, எடுத்துருங்க” என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ரெயில் ஏறினார். ஊரிலும் யாரும் குறை சொல்லவில்லை. பம்பாய்க்காரனுக்கு யார் காத்திருப்பார்கள்?

திரும்பி வந்த பிறகு, ஏன் விமானத்தில் போகவில்லை என்று உம்மா கேட்டார். வாப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, “ரெண்டு மணி நேரத்துல போயி எறங்கி என்ன செய்ய? சோலாப்பூர்ல ஆரம்பிச்ச அழுகை திண்டுக்கல்லுலதான் நின்னுது. எதுத்த சீட்டுக்காரரு, யாரு எவருன்னே தெரியாது, பொட்டலத்தப் பிரிச்சுத் தின்ன வச்சாரு” என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

வயதான காலத்தில் வாப்பா ஊரில் என் தம்பியோடு இருந்தார். போன வருஷம் ஒரு விடியற்காலையில், பம்பாயில் நான் இப்போது குடியிருக்கும் சான்பாடாவுக்குத் தம்பியின் போன், வாப்பா இறந்துவிட்டார் என்று. “வச்சிருக்கோம்ணே. ரெண்டு மணி நேரந்தான, சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துருவிய.” விளம்பரத்தில் போடுகிற அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சான்பாடாவின் வாகன நெரிசலும் தெரியாது, திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்குப் போகும் காரும் தெரியாது. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டேன். தொப்பியும் கையுமாகத் தெருவே எனக்காக நின்றது. தம்பி துணியை விலக்கினான், பார்த்தேன், மூடினான். விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. “பம்பாய்க்காரன், கல்லுல்லா” என்று ஒரு மாமி சொன்னது மட்டும் அந்த அடைப்பையும் மீறிக் கேட்டது.

திரும்புவதற்கு எடுத்திருந்த விமான டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு ரெயில் ஏறினேன். இப்போது ஜன்னல்கள் திறப்பதில்லை, வாடையும் இல்லை. சாப்பாட்டைப் போனில் சொல்லி வரவழைத்துக்கொள்கிறார்கள். எதிர் சீட்டு இளைஞன் காதில் எதையோ செருகிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தான். திண்டுக்கல் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. விட்டு விட்டு, மறுநாளும் வந்தது. யாரும் கேட்கவில்லை. சோலாப்பூரில் வண்டி நின்றபோது, தம்பி மனைவி கட்டிக்கொடுத்த பொட்டலத்தை நானே பிரித்துச் சாப்பிட்டேன்.